பதினொரு மென்மையான சொற்கள்

சத்தம் போடாதவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் உண்டு என்று என்னைக் கேட்டால் பதினொன்று என்பேன். அகராதியில் இன்னும் இருக்கலாம். என் மேனேஜருக்கு நான் எக்செல்லில் தட்டிக் கொடுத்தது பதினொன்று.

புனேயில், ஹிஞ்ஜவடிப் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் பயனர் கையேடு எழுதுவது என் வேலை. எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வரும் என்று அமெரிக்காக்காரனுக்கு விளங்கும்படி எழுத வேண்டும். மேனேஜர் மராட்டிக்காரர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், எழுதச் சொன்னால் வேர்த்துவிடும். ஒவ்வொரு மார்ச்சிலும் டீமில் உள்ள ஒன்பது பேருக்கும் வருடாந்திர மதிப்பீடு எழுதுவார். என்னுடையதைத் தவிர்த்து மற்ற எட்டையும் எனக்கு அனுப்பி, "மேடம், ஜரா இங்கிலீஷ் தேக் லீஜியே" என்பார், இங்கிலீஷைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்று. அடுத்தவர் மதிப்பீட்டை நான் படிப்பதே விதிப்படி தப்பு. ஆனாலும் திருத்திக் கொடுப்பேன். என்னை நம்புகிறாரே என்று உள்ளூரப் பெருமை.

முதல் வருஷம், டெஸ்டிங்கில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி 'மீட்டிங்கில் மரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்' என்று எழுதியிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அதை அடித்துவிட்டு 'அன்அஸ்யூமிங்' என்று போட்டேன். அலட்டிக்கொள்ளாதவள் என்று பொருள். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. இதைப் போல வேறு இருக்கிறதா என்று கேட்டார். அன்று மதியமே பட்டியல் தயார். லோ-கீ, ரிசர்வ்டு, சட்டில், மெஷர்ட் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விளக்கம் வேறு. 'அண்டர்ஸ்டேட்டட்' என்பதற்கு, ஜரிகை குறைந்த நல்ல பட்டுப்புடவை போல என்று எழுதினேன். மனம் நோகாமல் பேச இந்த மனிதருக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று நினைப்பு. அந்தச் சொற்கள் விழுந்த இடத்திலெல்லாம் கீழே ஐந்துக்கு மூன்று மதிப்பெண்தான் இருந்தது. நான் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். கவனித்தேன், எனக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

சென்ற வருஷம் டீம் லீட் பதவி காலியானது. தகுதியுள்ளவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், பத்து வருஷ அனுபவம். இன்னொருவர் எனக்கு நான்கு வருஷம் பின்னால் வந்த டெல்லிக்காரர். டீ குடித்துவிட்டு வந்தால்கூட அதை டீமுக்கு அறிவிக்கிற ஆள். எனக்கு அந்தப் பதவி வேண்டும். வாழ்க்கையில் பெரிதாக ஆசைப்பட்டது குறைவு, இதற்கு ஆசைப்பட்டேன்.

மேனேஜர் மதிப்பிடுவதற்கு முன்னால் நமக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். வாகட்டில் எங்கள் ஃபிளாட்டில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

"அஞ்சு போடு கண்ணு. அழுவுற புள்ளைக்குத்தான் பாலு."

"நானே எப்படீங்க எனக்கு அஞ்சு போடறது? வெக்கமா இருக்காதா?"

மூன்று போட்டேன். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பந்தியில் போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டினால், பரிமாறுகிறவர் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போடுவார். அந்தப் பழக்கம் எனக்கு ஆபீஸிலும் விடவில்லை. முந்தைய வருஷங்களில் நான் மூன்று போட்டால் மேனேஜர் நான்காக்குவார். இந்த முறை ஐந்தாக்குவார் என்று கணக்குப் போட்டேன். டெல்லிக்காரர் தனக்கு ஐந்து போட்டுக்கொண்டு, ஆறு ஏன் இல்லை என்று கேட்டாராம்.

அந்த மார்ச்சில் எட்டுக்குப் பதில் ஒன்பது ஃபைல் வந்தது. என்னுடையதும் இருந்தது. தவறி அனுப்பிவிட்டார் என்று அவர் மேஜைக்குப் போய்ச் சொன்னேன். "தவறி இல்லை மேடம், ஹெச்.ஆருக்குப் போகிறது, இங்கிலீஷ் சரியாக இருக்க வேண்டும். நீங்கள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இடத்துக்கு வந்து திறந்தேன். ஐந்து வரி. என் பதினொன்றில் ஏழு சொற்கள் அதில் இருந்தன. லோ-கீ, அன்அஸ்யூமிங், அண்டர்ஸ்டேட்டட். ஆகவே தலைமைப் பொறுப்புக்கு இன்னும் காலம் வேண்டும், தனக்குத்தானே இவர் கொடுத்துக்கொண்ட மூன்று சரியே என்று முடித்திருந்தார். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது எனக்கு எழுத்து வடிவத்தில் கிடைத்தது. எந்தச் சொல்லைப் பிடித்துச் சண்டை போடுவது? என்னை அடக்கமானவள் என்று சொல்லிவிட்டார் என்று ஹெச்.ஆரிடம் போய் அழ முடியுமா? யாரும் சண்டைக்கு வர முடியாத சொற்களாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவளே நான்தான்.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'இதை நான் ஏற்கவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. கரடுமுரடாக இருப்பதாகப் பட்டது. கொஞ்சம் இளக்கினேன். 'மறுபடி பார்க்க முடியுமா' என்று ஆனது. அதுவும் எதையோ கேட்டு வாங்குவது போல இருந்தது, இன்னும் இளக்கினேன். கடைசியில் அந்த வரியில் நன்றியைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. அழித்துவிட்டேன். அவர் ஃபைலில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியைப் போட்டு, காலம் பிசகிய ஒரு வினைச்சொல்லைச் சரிசெய்து, 'ஃபைன் சார்' என்று அனுப்பிவைத்தேன்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

"இங்கிலீஷத் திருத்திக் குடுத்தேனுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். நான் போதும் என்றே சொல்லவில்லை.