அண்ணன் தட்டில் இரண்டு புறா

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் ஷுப்ரா தெரு முழுக்கச் சொல்லும். சொல்லட்டும். நாற்பத்தாறு வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக ஊர் கையில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். வாய் நீளாமல் என்ன செய்யும்? அப்படிப்பட்ட என்னையே வாயடைக்க வைத்தவள் என் அண்ணி இன்ஸாஃப்.

அண்ணி நோன்புச் சமையல்காரி. எங்கள் கிறிஸ்தவ சபையில் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் நோன்புதான். இறைச்சி, முட்டை, பால், நெய் எதையும் தொடக் கூடாது. அந்த நாட்களில் வேலைக்குப் போகிற பெண்களெல்லாம் பாத்திரத்தோடு அண்ணி வீட்டு வாசலில் நிற்பார்கள். கீரைக் குழம்பு, பயறு மசியல், எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய் என்று எதைச் செய்தாலும் ருசிதான். ஆனால் அவள் பேர் வாங்கியது திராட்சை இலையில். அரிசியையும் தக்காளியையும் புதினாவையும் இலைக்குள் வைத்துச் சுருட்டுவாள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன்தான், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்காது. டிவியைப் பார்த்துக்கொண்டே சுருட்டுவாள். விரல்களுக்குத் தனியாகக் கண் இருந்தது.

அவள் உடம்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. ஏனென்றால் எல்லாம் என் உபதேசம். ஃபூல் பயறில் எலுமிச்சை பிழி, இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காதே, ஒட்டியது ஓடிவிடும். எள் விழுதையும் கரும்புப் பாகையும் குழைத்துக் காலையில் ரொட்டியோடு தின்னு, எலும்புக்கு நல்லது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கையைக் காலை வெயிலில் காட்டு. அண்ணி ஒன்று விடாமல் செய்தாள். வருடா வருடம் அவள் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்க ரத்தம் என் ரத்தத்தைவிட சிவப்பு" என்று பீற்றிக்கொள்வேன். பக்கத்து நாற்காலியில் என் அண்ணன் ஃபாயிஸ் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் மெட்ரோ நிலையத்தில் பயணச்சீட்டு கொடுப்பவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவருக்கோ வருடத்துக்கு வருடம் கொழுப்பு ஏறிக்கொண்டே போனது. உயிர்ப்புப் பண்டிகையான பாஸ்கா முடிந்த ஐம்பது நாளும் எங்களுக்கு நோன்பே கிடையாது. அந்த ஐம்பது நாளில் இந்த மனுஷன் ஊர் ஆட்டையெல்லாம் தின்றுவிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து நான் திட்டாத திட்டில்லை. "வாயைக் கட்டுங்கண்ணா, அண்ணியைப் பாத்துக் கத்துக்கோங்க" என்பேன். அவர் அண்ணியைப் பார்ப்பார், தலையாட்டுவார்.

போன அக்டோபரில் ஒரு நாள் மதியம். அண்ணி அடுப்படியில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து யாரையோ வம்பளந்துகொண்டிருந்தேன். தீய்ந்த வாடை வந்தது.

"அண்ணி, ரொட்டி கருகுது."

"ரொட்டி நல்லாத்தான் இருக்கு" என்று தட்டைக் காட்டினாள். கருகிக்கொண்டிருந்தது அவள் கை. இடது உள்ளங்கையைச் சூடான இரும்புத் தகட்டில் ஊன்றிக்கொண்டு நிற்கிறாள், அவளுக்கே தெரியவில்லை.

கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு வருடமாகப் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். பிறகு விரல் நுனி மரத்துவிட்டதாம். இலைச் சுருள் அவிழ்ந்து சோறு தனியாக மிதக்கிறது என்று இரண்டு வாடிக்கைக்காரிகள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்களாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதானேடி. கண்ணால பாத்துப் பாத்துச் சுருட்டறேன். ஆனா இலை கிழியறது தெரிய மாட்டேங்குது" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. ஐம்பத்திரண்டு வயது. அந்த விரல்கள்தான் அவளுக்கு எல்லாமே.

டாக்டர் பி-12 என்ற வைட்டமினைப் பார்க்கச் சொன்னார். நானே ரத்தம் எடுத்தேன், நானே முடிவைப் பார்த்தேன். இருக்கிறது என்று சொல்லக்கூட வெட்கப்படும் அளவு. இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் அது உண்டு. எந்தக் கீரையும், எந்தப் பயறும், என் எலுமிச்சையும் அதைத் தராது. ஈரலில் சேமித்தது சில வருடம் ஓடும், பிறகு நரம்பு வாடும். கீரையில் இருக்கும் வேறொரு சத்து ரத்தத்தை நன்றாகவே காட்டிவிடும், உள்ளே நரம்பு கெடுவது வெளியே தெரியாது. இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்குத்தான் இடையிடையே நோன்பில்லாத நாட்கள் வருகின்றனவே, முட்டையும் பாலாடைக்கட்டியும் தின்று உடம்பு ஈடுகட்டிக்கொள்ளும் என்று ஆறு வருடமாக அதைப் பார்க்காமலே விட்டேன். ரத்தம் சிவப்பு என்று பீற்றிக்கொண்ட வாயில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சீட்டை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனேன்.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. நோன்பு இல்லாத நாள்ல என்ன சாப்பிடறீங்க?"

"எல்லாரும் சாப்பிடறதுதான்."

"முட்டை?"

அவள் சட்டியைக் கிளறினாள். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பண்டிகைக்கு ஆட்டுக்கறி வைக்கும்போதெல்லாம் "நர்கீஸ், உப்பு பாருடி" என்று என்னைத்தான் கூப்பிடுவாள். என் நாக்குக்கு அவ்வளவு மரியாதை என்று நான் குளிர்ந்துபோயிருந்தேன்.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அவர்களுடைய ஒரே மகன் கிரொல்லோஸ். நாங்கள் கிரோ என்போம். ஆறு வருடத்துக்கு முன் யாரிடமும் சொல்லாமல் படகேறி இத்தாலிக்குப் போனான். நாற்பத்து மூன்று நாள் சேதியே இல்லை. அந்த நாட்களில் ஒரு காலை அவள் நேர்ந்துகொண்டாளாம்: அவன் உயிரோடு இருந்தால் போதும், அவன் இந்த மேசையில் உட்கார்ந்து என் கையால் சாப்பிடும்வரை உயிருள்ள எதையும், முட்டை பாலைக்கூட, வாயில் வைக்க மாட்டேன். மறுநாள் போன் வந்தது. மிலானில் ஒரு உணவு விடுதியில் பாத்திரம் கழுவுகிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுகிறான். ஆனால் அங்கே தங்குவதற்கான தாள்கள் கைக்கு வராமல் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. ஆகவே அவன் வரவில்லை, நேர்த்திக்கடனும் முடியவில்லை.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நோன்பை ஊருக்குக் காட்டிக்கக் கூடாதுன்னு வேதத்துலயே இருக்கில்ல? தெரிஞ்சா பலன் போயிடும். அவர் தட்டுல தள்ளிடுவேன். பாவம், அவர் எதையும் கவனிக்க மாட்டார். நீ வாயைத் திறந்தே, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சரி என்றேன். ஊசி மருந்தை வாங்கிவந்தேன். குப்பியைப் பார்த்ததும் பின்வாங்கினாள். அந்த மருந்து நல்ல சிவப்பு.

"இது ஈரல் சாறு. எங்க அத்தைக்கு அந்தக் காலத்துல குத்தினாங்க. நான் போட்டுக்க மாட்டேன்."

"மாதுளம்பழமும்தான் சிவப்பு. அதைத் தின்னறீங்கல்ல?"

"உனக்கு விளையாட்டு. இது என் பையன் உசுருடி."

கத்தினேன், கெஞ்சினேன், மசியவில்லை. கடைசியில் எங்கள் பங்கின் குரு அபூனா ஸமானிடம் இழுத்துக்கொண்டு போனேன். பாவசங்கீர்த்தனம் கேட்கிறவர், அவரிடம் சொன்னது வெளியே போகாது.

அபூனா எல்லாம் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டார். "யாரைக் கேட்டு இப்படி நேர்ந்துக்கிட்டே மகளே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க வேணாமா?"

"என் பையன் கடல்ல இருந்தான், அபூனா. உங்க முன்னால வரிசையில நின்னு அனுமதி வாங்கவா நேரம் இருந்துச்சு?"

அபூனா தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாக, "சரி, நான் அவிழ்த்து விடறேன். எனக்கு அதிகாரம் இருக்கு. இன்னைக்கே ஒரு முட்டை சாப்பிடு" என்றார்.

"வேணாம். அவிழ்க்காதீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவனைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்." மரத்துப்போன இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"அபூனா, அது ஈரலே இல்ல" என்றேன். "படிச்சுப் பாத்துட்டேன். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரைத் தொட்டியில வளர்த்து, அதுலேர்ந்து எடுக்கறாங்க. மாவைப் புளிக்க வைக்கிறாப்பல."

அபூனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "புளிச்ச மாவுல சுட்ட அப்பத்தைத்தானே பலிபீடத்துல வைக்கிறோம்? பெரிய நோன்புலயும் வைக்கிறோமே. அது நோன்பைக் கெடுத்துச்சா?"

புளித்த மாவு அண்ணிக்குத் தெரிந்த விஷயம், தினமும் கையில் அளைவது. என் பக்கம் திரும்பினாள்.

"பொய் சொல்றியா?"

"அபூனா முன்னாலயா சொல்லுவேன்?"

"நீ எங்கயும் சொல்லுவே."

ஆனால் அன்று மாலையே கையை நீட்டினாள்.

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. நரம்புக் கோளாறு, மருந்து போடுகிறோம் என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிவைத்தோம். "சரியாகுமா?" என்று கேட்டார். டாக்டர் சொன்னதையே நானும் சொன்னேன்: ரொம்ப நாள் விட்டாச்சு, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அவர் அன்றைக்கு மீதி ஒன்பது வார்த்தையைப் பேசவில்லை.

வாரா வாரம் அண்ணியின் கண்ணை மூடச் சொல்லி ஒரு குண்டூசியால் விரல் நுனியைத் தொடுவேன். "இப்ப?" "இல்ல." "இப்ப?" "தொட்டியா என்ன?" கிறிஸ்துமஸ் போனது. பாதத்தில் எறும்பு குறைந்தது, நடை நேரானது. விரல் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாஸ்காவுக்கு முந்தைய பெரிய நோன்பின் ஐம்பத்தைந்து நாளும் அவள் கத்தரிக்காயும் கீரையும்தான் சமைத்தாள். திராட்சை இலை கேட்டவர்களுக்கு இலை வரவில்லை என்று பொய் சொன்னாள். சந்தையில் இலை குவிந்து கிடந்தது. ஒருநாள் அவள் தனியாக ஒரு இலையைச் சுருட்டிப் பார்த்து, அவிழ்ந்ததும் குப்பையில் போடுவதைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

பாஸ்கா ஞாயிறு வந்தது. மதியம் மேசையில் நாங்கள் மூன்று பேர். வழக்கம்போல கோதுமை அடைத்த புறா, ஆளுக்கு ஒன்று, எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. அண்ணனுடைய தட்டு, என் தட்டு, அண்ணியின் தட்டு. இந்த முறை எனக்கு விஷயம் தெரியும் என்பதால் குனிந்து தின்கிற மாதிரி நடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ரொட்டியைப் பிட்டார். திடீரென்று ஜன்னல் பக்கம் முழுசாகத் திரும்பி, "யார் வீட்டுல பாட்டு வச்சிருக்காங்க?" என்றார். எந்த வீட்டிலும் பாட்டில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணி தன் புறாவை விரல்களால் கப்பென்று எடுத்தாள்.

"ஆ!"

புறா கையை விட்டுப் பறந்து மேசை நடுவில் விழுந்தது. அண்ணி விரலை உதறிக்கொண்டு எழுந்து நின்றாள். அண்ணன் திரும்பினார். புறா ஏன் அங்கே கிடக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

"சுட்டுச்சா?" என்றார். "இன்ஸாஃப், உனக்குச் சுட்டுச்சா?"

"சுட்டுச்சு" என்றாள்.

அவர் அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக ஊதினார். ஊதிக்கொண்டே அழுதார். எங்கள் அப்பா செத்தபோதுகூட என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகுதான் அண்ணிக்குப் புறா ஞாபகம் வந்தது. மேசையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அது... நான் வந்து..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"இது ஏழாவது பாஸ்கா. கிரோ போன வருஷத்துலேர்ந்து நீ எதையும் தொடறதில்ல."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீ மறைச்சு வச்சிருந்தே. தெரியும்னு சொன்னா உன் நோன்பு பலிக்காமப் போயிடுமோன்னு பயம். அதான் திரும்பிக்குவேன். ஐம்பது நாளும் நீ தள்ளறதைத் தின்னுடுவேன். மிச்சம் வச்சா உனக்குச் சங்கடமாயிடுமே." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் புறாவே பிடிக்காது."

ஏறிக்கொண்டே போன அவருடைய கொழுப்புச் சீட்டும், தேய்ந்துகொண்டே போன அவளுடைய நரம்பும் ஒரே வீட்டிலிருந்து என் மேசைக்கு வந்தவை. ஆறு வருடமாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவரைத் திட்டி அவளைப் புகழ்ந்திருக்கிறேன். என் நீளமான வாய்க்குள் ஒரு வார்த்தை இல்லை.

"நான்தான் சொல்லியிருக்கணும்" என்றார் அண்ணன். "உன் கை போனதுக்கு நானும் காரணம்."

"கை போகல" என்றாள் அண்ணி.

உட்கார்ந்தாள். மேசை நடுவில் ஆவி பறந்துகொண்டிருந்த அந்தப் புறாவை நோக்கி மெதுவாக விரலை நீட்டினாள். வேண்டாம் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவள் கேட்கவில்லை. விரல் நுனியால் அதைத் தொட்டாள், விரலை எடுத்தாள், மறுபடியும் தொட்டாள்.

"சுடுது" என்றாள்.