வெள்ளிமலையில் பன்றிகள் மெல்லும் சத்தம்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்குப் போனேன். அருவி பார்க்க அல்ல. திருக்கோவிலூர் பக்கம் பன்னிரண்டு பன்றிக்குட்டிகளை வளர்த்துவந்தேன். ஒன்று செத்தது. அறுத்துப் பார்த்த டாக்டர் இரைப்பையில் புண் என்றார், தீவனம் ரொம்ப நைஸ் என்றார். நான் நம்பவில்லை. நைசாக இருந்தால்தானே செரிக்கும் என்று மக்காச்சோளத்தை மில்லில் இரண்டு தரம் அரைக்க வைத்தவனாயிற்றே! அடுத்து இன்னொன்று வெளுத்துப்போய் ஒதுங்கி நின்றது. மலையில் ராசாத்தி என்பவரிடம் பன்றிகள் நோயில்லாமல் வளர்கின்றன என்று தீவனக் கடைக்காரர் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் காலை 6.10 பஸ். கச்சிராயபாளையம் வழி, டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். மலை ஏறியதும் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. வளைவுக்கு வளைவு ஒரு சாமை வயல் தெரியும், மறையும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. மனசு மட்டும் என் பன்றிக் கொட்டகையில் நின்றது.

இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடை. ராசாத்திக்கு ஐம்பது வயதிருக்கும். நான் சொன்னதைக் கேட்டபடியே தொட்டியில் தீவனம் கொட்டினார். ஒன்றிரண்டாக உடைத்த சோளம், தவிடு, நறுக்கிய வள்ளிக்கிழங்குக் கொடி. காட்டுவதற்காக நான் கொண்டுபோன என் தீவன மாவை உள்ளங்கையில் வைத்து ஊதினார், பறந்துவிட்டது.

"இன்னாங்க, கொழந்தைக்குக் கஞ்சி மாவா அரைச்சீங்க? மெல்றதுக்கு ஒண்ணுமே இல்லியே. சும்மா முழுங்கிக்கினு இருந்தா வவுறு புண்ணாவாம இன்னா பண்ணும்?"

கொடியும் தவிடுமாக நார்ச்சத்து ஜாஸ்தியானாலும் எடை ஏறாது, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள் என்றும் சொன்னார். பன்றிகள் தீவனத்தை மெல்ல ஆரம்பித்தன. மேகத்துக்குள் யாரோ சருகில் நடப்பது போன்ற சத்தம். கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ! என் கொட்டகையில் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பியது 2.30 பஸ்சில், அதை விட்டால் ஜீப்தான் என்றார்கள். பன்றி வளர்ப்பவர்கள் மில்லில் பெரிய கண் சல்லடை போடச் சொல்லுங்கள். பன்றியின் மலம் தார் மாதிரி கறுத்தால் புண்ணில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பத்துப் பன்றிகள் இப்போது நன்றாக இருக்கின்றன. வெளுத்துப்போனது, நான் மலையிறங்கிய நான்காம் நாள் செத்தது. உடம்புக்கு முடியாததாயிற்றே என்று, மலைக்குப் போகும்வரை அதற்கு மட்டும் தனியாக மூன்றாம் தரமும் அரைத்துக் கொடுத்திருந்தேன். ராசாத்தியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.