ஐந்தும் விழுந்தால் கேஜைப் பார்

குணசேகரன் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் திருமழிசை நிறுத்தத்தில் நின்று, வராத பேருந்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவன் மனைவி கலா, "அண்ணா, காலையில எழுப்பப் போனேன், எழுந்திருக்கவே இல்ல" என்றார். அவனுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவனோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவன் தரச் சோதனை குணா. எந்நேரமும் கையில் கேஜ். துளையின் அளவைச் சோதிக்கும் அந்தச் சின்ன உருளைக்கு இரண்டு முனைகள். ஒன்று துளைக்குள் நுழைய வேண்டும், மற்றது நுழையக் கூடாது. அளவு எவ்வளவு என்று அது சொல்லாது. தேறுமா தேறாதா என்று மட்டும் சொல்லும். அதை வைத்து அவன் என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய கதை உங்களில் பலருக்குத் தெரியாது.

எங்கள் கம்பெனியில் டிப்ளமோவோடு நின்றவனுக்கு மேற்பார்வையாளர் பதவி கிடையாது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வார இறுதிப் பட்டப்படிப்பு இருந்தது. அதன் நுழைவுத் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. என்னைக் கவிழ்த்தது தர்க்கப் புதிர்ப் பகுதி. நாற்பது நிமிடத்தில் நாற்பது கேள்வி. நான் பாதியைத் தாண்டியதில்லை. அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல்ரூமில் வேலை கற்றவன் நான். எடுத்த வேலையைப் பாலிஷ் வரை முடிக்காமல் கீழே வைக்க வராது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் கேன்டீனில் ஒரு புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் ஒரு வரிசையில் நிற்கிறார்கள், இன்னாருக்குப் பக்கத்தில் இன்னார் நிற்கமாட்டார், கீழே உள்ள ஐந்து வரிசைகளில் எது சரி என்ற வகை. நான் சாத்தியமான எல்லா வரிசைகளையும் எழுதிப் பக்கத்தை நிரப்பியிருந்தேன். குணா எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், அஞ்சு பேருக்கும் ஊடு கட்டிக் குடுக்கிறியா?"

பேனாவைப் பிடுங்கினான். "குமார் ஓரத்துல நிக்கமாட்டான்னு போட்டுக்கீது. இது ஒரு கேஜ். இத்த மட்டும் எடுத்துக்கினு அஞ்சு விடையிலயும் வுட்டுப் பாரு." இரண்டு விடைகள் விழுந்தன. அடுத்த விதியில் இன்னும் இரண்டு. "மிச்சம் நிக்கிறதுக்கு டிக் அடிச்சிட்டுப் போய்க்கினே இரு. அத்தத் திருப்பிப் பாக்காத. நீ செய்ய வந்தவன் இல்ல மச்சான், கழிக்க வந்தவன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கால் மணி நேரம் போட்ட உழைப்பை அவன் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து இரண்டு மாதம், அதே மேசையில், தினமும் பத்துப் புதிர்கள் போட்டோம். எனக்குத் துணையாக அவனும் விண்ணப்பித்தான்.

தேர்வில் முதன்முறையாக நாற்பதையும் தொட்டேன், இடமும் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. தேர்வன்று வெளியே வந்தவன், "ஒரே புதிர்ல வந்த மூணு கேள்வில மொத்த லாட்டும் ரிஜெக்ட்டு. அப்பிடியே வுட்டுட்டு வந்துட்டேன்" என்றான், பெருமையாக! ஐந்து விடையும் தேறவில்லை என்றால் ஐந்தையும் தள்ளிவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கிற தரச் சோதனைப் புத்தி. நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன். கேள்வித்தாள் தயாரித்தவனை அவன் ஒரு வாரம் திட்டினான். பிறகு ஒரு காலையில் வந்து, "குறைந்தது ரெண்டு பேருன்னு இருந்திச்சி மச்சான். நான் ரெண்டே பேருன்னு வச்சிக்கினேன்" என்றான். "அஞ்சும் வுழுந்தா கேஜைப் பாக்கணும். தேஞ்ச கேஜ்ல நல்ல சரக்கும் ரிஜெக்ட் ஆவும்." அடுத்த ஆண்டு அவனும் சேர்ந்தான். சனிக்கிழமைப் பேருந்தில் என் நோட்டுகளை வாங்கிப் படித்துவிட்டு, என் கையெழுத்தைக் கேலி செய்துகொண்டே வருவான். அந்தச் சனிக்கிழமைகள் எங்கள் நல்ல நாட்கள்.

மேற்பார்வையாளர் ஆன புதிதில் என் பிரிவில் ஐந்து பேர். ஒருவன் சோம்பேறி, ஒருவன் திமிர் பிடித்தவன் என்று ஐந்து பேரைப் பற்றியும் குணாவிடம் புலம்பினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அஞ்சுமா வுழுந்திச்சி?" என்றான். அவ்வளவுதான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே டீ வாங்கிக்கொண்டு போனேன்.

காரியம் முடிந்த அன்று பருத்திப்பட்டு ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எல்லோர் மேலும் எனக்கு எரிச்சல். தாமதமாக வந்த பேருந்து, போன மாதம் வாயுத்தொல்லை என்று சொல்லி அனுப்பிய மருத்துவர், முன்னாலேயே எழுப்பாத கலா, கூடவே இருந்தும் கவனிக்காத நான், நெஞ்சு வலிக்கிறது என்று எங்களிடம் வாய் திறக்காத அவன். எண்ணிப் பார்த்தால் ஐந்து. ஐந்தும் விழுந்துவிட்டன.

கேஜைப் பார்த்தேன். குணா இருந்திருக்க வேண்டும் என்ற ஒரே விதியை வைத்து எல்லோரையும் அளந்துகொண்டிருந்தேன். அந்த விதிக்கு யாராலும் தேற முடியாது.

எழுந்து அவன் வீட்டுக்குத் திரும்பினேன். கலா வாசலில் நின்றிருந்தார். சாப்பிட்டாயாம்மா என்று கேட்டேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்: கோபம் வரும்போது, கையிலிருப்பதை ஒருமுறை திருப்பிப் பார்க்கிற பழக்கம்.