பத்து மணி முதல்

எங்கள் வீட்டுச் சுவரில் அந்த வருஷம் ஜூன் முப்பதோடு முடிந்துபோனது. அதற்கு மேல் தாள் கிடையாது. அட்டை மட்டும் ஒரு சாமி படத்தையும் எந்த ஊரிலோ இருந்த ஜவுளிக்கடை விளம்பரத்தையும் தாங்கிக்கொண்டு தொங்கியது. தமிழ்நாட்டில் பாதிச் சுவர்களுக்குத் தினசரிக் காலண்டர் செய்து அனுப்புகிற சிவகாசியில், அதைச் செய்கிறவர்களின் வீட்டுக்குக் கழிவுதான் வந்து சேரும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இலவசமாக வருகிற வருஷம் பாதியாகத்தான் இருக்கும்.

அப்பா காலண்டர் கம்பெனியில் வரிசை பார்ப்பவர். நாள்தாள்களை அடுக்கிக் கம்பி தைப்பதற்கு முன், ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எல்லாத் தேதியும் ஒழுங்காக இருக்கிறதா என்று கட்டைவிரலால் விசிறிப் பார்ப்பார். ஒரு தேதி விட்டுப்போனாலும் இரண்டு தடவை வந்தாலும் அவருடைய விரலுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கட்டைத் தூக்கி ஓரமாகப் போடுவார். அப்படி ஓரமாகப் போனதில் ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கு வந்த அரை வருஷம். ஜூலை பிறந்ததும் அம்மா அட்டையைக் கழற்றப் போனாள். சாமி படம் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். தேதி கேட்க அப்பா இருந்தார், கிழமை கேட்கவும் அப்பா இருந்தார். ரேடியோ மாதிரி, ஆனால் பேட்டரி வேண்டாம்.

நான் பட்டப்படிப்பை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, இரண்டு வருஷமாக வீட்டிலிருந்தேன். இருந்தேன் என்றால் சும்மா இருக்கவில்லை. அம்மாவோடும் தெருவில் இரண்டு பெண்களோடும் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன். விலங்கியல் படித்த ஒருத்தி தீப்பெட்டியில் புலியும் மயிலும் ஒட்டுவது ஒருவகையில் தொடர்புள்ள வேலைதான்.

அந்த ஆவணியில் கடிதம் வந்தது. விருதுநகரில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலைக்கு, பதிவு மூப்பின்படி என் பெயர் வந்திருப்பதாகவும், செப்டம்பர் பதினான்காம் தேதி காலை பத்து மணி முதல் அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவேண்டும் என்றும், தவறினால் வாய்ப்பு மறுபரிசீலனை செய்யப்படமாட்டாது என்றும் இருந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை நானே பிற்பாடு எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். எழுதுகிற கைக்கு அது வெறும் முடிவு வரி. வாங்கிய வீட்டில் அம்மா அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இந்த முறை தவறினால் அடுத்த கடிதம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் வயது வரம்பு வந்துவிடும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வந்துவிடுவார்.

கடிதத்தில் கிழமை போடவில்லை. அரசாங்கம் தேதியை நம்பும், கிழமையைத் தன் வேலையாக நினைக்காது. இரவுச் சோற்றின் முன்னால் அப்பாவிடம் கேட்டேன்.

"பதினாலா?" தலையைக்கூடத் தூக்கவில்லை. "புதன்."

அவர் சொல்லிவிட்டால் சொன்னதுதான். தேதிக்கார மனுசரிடம் யார் மறுகேள்வி கேட்பது?

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் ஒரு மணிக்கு ரேடியோவில் நேயர்கள் கேட்ட சினிமாப் பாட்டு. பாட்டைவிட, பாட்டுக்கு முன்னால் வாசிக்கிற பெயர்ப் பட்டியல்தான் தெருவுக்கு முக்கியம். எந்த ஊர், யார் யார் கேட்டார்கள் என்று அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் வாசிப்பார். எங்கள் நான்கு பேர் பெயரையும் போட்டுக் கார்டு எழுதுவது என் பொறுப்பு, என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். பத்துப் பன்னிரண்டு கார்டு போயிருக்கும். ஒரு தடவைகூடப் பெயர் வரவில்லை.

"ஏட்டி, சத்தத்தக் கூட்டு. இன்னைக்காவது நம்ம பேரு வருதான்னு பாப்போம்" என்றார் எதிர்வீட்டு மதினி, பசைக் கையைத் தரையில் தேய்த்தபடி.

"போன வாரமும் இதத்தான் சொன்னீக" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "நம்ம கார்டுல அவக வடை வச்சுத் தின்னுருப்பாக."

"தின்னா என்ன? எண்ணெய் ஒட்டுன எடத்துல எம்பேரு பளபளன்னு தெரியும்லா."

ரேடியோ தொண்டையைச் செருமியது. நேயர்களுக்கு வணக்கம் சொன்னது. இன்று செவ்வாய்க்கிழமை, பதினான்காம் தேதி என்றது.

என் கையிலிருந்த மயில் தலைகீழாக ஒட்டிக்கொண்டது.

"பதினாலா? பதிமூணுல்ல?"

"ரேடியோக்காரகளுக்கென்ன, வாய்க்கு வந்ததச் சொல்லுவாக" என்றாள் அம்மா. ஆனால் அவள் கையும் நின்றுவிட்டது. "ஒங்கப்பா புதன்னுல்ல சொன்னாக?"

தெரு முக்கில் பலசரக்குக் கடை. அங்கே முழு வருஷம் உள்ள நல்ல காலண்டர் தொங்கும். அக்கா ஓடினாள். திரும்பி வரும்போது பாதித் தெருவிலிருந்தே கத்தினாள்: "பதினாலுதான்! பதினாலுதான்! அண்ணாச்சி நம்பிக்கைக்குத் தாளையே கிழிச்சுக் குடுத்துட்டாரு!"

தாளை வாங்கிப் பார்த்தேன். பதினாலு, செவ்வாய். பத்து மணிக்கு இருந்திருக்க வேண்டியவள் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, பசைச் சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அழுதேனா என்றால், அழ ஆரம்பித்தேன். மதினி விடவில்லை.

"அழுறத பஸ்ஸுல போயி அழு. சேலைய மாத்து. அத்தே, நீங்களும் கெளம்புங்க. பெட்டிய நாங்க பாத்துக்கிடுதோம்."

சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் பேருந்து நிலையத்துக்குக் கிட்டத்தட்ட ஓடினோம். விருதுநகர் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. அம்மா படியில் ஒரு கால் வைத்தபோது, பக்கத்து டீக்கடை ரேடியோவில் அந்தக் குரல் "சிவகாசியிலிருந்து" என்று தொடங்கியது. முதலில் மதினி பெயர். பிறகு அக்கா பெயர். பிறகு அம்மாவின் பெயர்.

"ஏட்டி, நம்ம பேருடி!"

அம்மாவின் மற்றொரு கால் தரையிலேயே நின்றது.

"பேரு ஒங்களுதாவே இருக்கட்டும் ஆத்தா" என்றார் கண்டக்டர். "கால எடுத்து உள்ள வையிங்க. ரேடியோவா ஒங்கள விருதுநகருக்குக் கூட்டிட்டுப் போகப்போகுது?"

கடைசியாக என் பெயர் வந்தது, இனிஷியல் தப்பாக. பாட்டு தொடங்குவதற்குள் பஸ் முக்குத் திரும்பிவிட்டது. பன்னிரண்டு கார்டு எழுதி ஒரே ஒரு தடவை வந்த என் பெயரை, ஓடுகிற பஸ்ஸின் படியில் நின்று கேட்டேன். என்ன பாட்டு போட்டார்கள் என்று அன்று சாயங்காலம் தெருவில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் கேட்ட பாட்டு இல்லையாம்.

திருத்தங்கல் தாண்டியதும் அம்மாதான் கண்டுபிடித்தாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று திரும்பினாள்.

"ஒங்கப்பா தப்பாச் சொல்லல."

"பின்னே?"

"ஆடி முடிஞ்சதுலருந்து அடுத்த வருசக் காலண்டர்லா ஓடுது. அந்த மனுசன் அடுத்த வருசத்தச் சொல்லிருக்காக."

கணக்குச் சரியாக இருந்தது. இந்த வருஷம் செவ்வாய் என்றால் அடுத்த வருஷம் புதன். சீசன் தொடங்கினால் எங்கள் ஊரில் பாதிப் பேர் அடுத்த வருஷத்தில்தான் வேலை செய்வார்கள். சாப்பிடவும் தூங்கவும் மட்டும் இந்த வருஷத்துக்கு வந்துபோவார்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் செப்டம்பர் பதினான்கை விரலால் தள்ளுகிறவரிடம் பதினாலு என்ன கிழமை என்று கேட்டால், அவர் எந்த வருஷம் என்று திருப்பிக் கேட்கமாட்டார். நாங்கள்தான் சொல்லிக் கேட்டிருக்கவேண்டும்.

விருதுநகர் வந்ததை மிளகாய் நெடி சொன்னது. பஸ்ஸில் எல்லாரும் வரிசையாகத் தும்மினோம். இன்னொரு பஸ் மாறி அந்த அலுவலகத்துக்குப் போனபோது மணி மூன்றரை. வாசலில் இருந்த உதவியாளர் எங்கள் கையிலிருந்த கடிதத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார்.

"முடிஞ்சு போச்சும்மா. எல்லாரும் காலையிலயே வந்துட்டுப் போயிட்டாக."

அம்மா அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். அரசு அலுவலகத்தில் அனுமதி கேட்டுத்தான் நுழையவேண்டும் என்ற விதி அம்மாவுக்குத் தெரியாது. அந்த ஒரு நாள் அது நல்லதாகப் போயிற்று.

கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் பதிவேடு. அதில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதியிருந்தது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

"பத்து மணிக்கு வரச் சொன்னா இப்ப வந்து நிக்கிறீங்க. என்ன காரணம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "இவ அப்பா அடுத்த வருசத்துல இருந்தாகய்யா."

"எங்க இருந்தாரு?"

"அடுத்த வருசத்துல. காலண்டர் கம்பெனியில."

அறையில் நாலைந்து பேர் தலையைத் தூக்கினார்கள். அவர் எதையும் புரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளாமல், "ரிஜிஸ்டர்ல எழுதியாச்சும்மா. எழுதினதை மாத்த முறையில்லை" என்றார்.

அழக்கூடாது என்று நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் காலண்டர் இருந்தது. எங்கள் ஊர்க் காலண்டர்தான். அதில் தேதி பத்து, வெள்ளிக்கிழமை. மறுநாள் இரண்டாவது சனி, அப்புறம் ஞாயிறு. திங்களும் செவ்வாயும் கிழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று இன்றுவரை தெரியாது. "சார், இங்க பத்தாம் தேதிதான் ஆகுது. நான் நாலு நாள் முன்னாடியே வந்திருக்கேன்" என்றேன்.

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். எழுந்து போய் ஒவ்வொரு தாளாக, நிதானமாக நான்கு கிழித்தார். பதினாலு வந்ததும் வந்து உட்கார்ந்தார். சிரித்தாரா இல்லையா என்று சொல்ல முடியாது. மீசை பெரியது.

"லெட்டரைக் கொடு."

கொடுத்தேன். என் விரலில் காய்ந்திருந்த பசை வேர்வையில் இளகி அதில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவர் வாசிக்கும்போது நானும் தலைகீழாக வாசித்தேன். நூறு தடவை வாசித்த கடிதத்தில் ஒரு சொல் அப்போதுதான் கண்ணில் பட்டது.

"சார், பத்து மணிக்குன்னு போடலை. பத்து மணி முதல்னு போட்டிருக்கு. எத்தனை மணி வரைன்னு போடலை."

அவர் மறுபடி வாசித்தார். எதிர் மேஜையில் இருந்தவரிடம் கடிதத்தை ஆட்டிக் கேட்டார்: "யாருய்யா இதுக்கு டிராஃப்ட் போட்டது?"

அவர் ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீங்கதான் சார்."

பிறகு கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். 'வரவில்லை'யின் மேல் ஒரு கோடு, அடித்ததற்குச் சாட்சியாகச் சுருக்கொப்பம், பக்கத்தில் 'பிற்பகல் 3.40, சான்றிதழ் சரிபார்க்கப்பட்டது.' திருத்தத்தை இப்படித்தான் செய்யவேண்டும்: பழைய எழுத்து தெரியவேண்டும், திருத்தியவர் தெரியவேண்டும். அலுவலக நடைமுறையில் நான் கற்ற முதல் பாடம் அது, வேலைக்குச் சேருவதற்கு முன்பே.

நியமன ஆணை வர பதினொரு மாதம் ஆனது. அதற்குள் வந்திருந்தால்தான் அது போலி ஆணை என்று சந்தேகப்பட்டிருக்கவேண்டும். அதே அலுவலகத்தில், ஜன்னலோர மேஜை கொடுத்தார்கள். சேர்ந்து சில வாரம் கழித்து, ஒரு நாள் மத்தியானம் அப்பா என்னைப் பார்க்க வந்தார். சீசன் நேரத்தில் அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார், அதுவே பெரிய விஷயம். மேஜையைத் தொட்டுப் பார்த்தார். நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டருக்குப் போய், இரண்டு நாள் பின்தங்கியிருந்ததைப் பார்த்து முகம் சுளித்து, கிழித்தார். மிச்சத் தாள்களைக் கட்டைவிரலால் ஒருமுறை விசிறினார். எல்லாத் தேதியும் இருந்தது.

"இது நம்ம கட்டுதான்" என்றார். பிறகு மேல் தாளை விரலால் தட்டினார். "இன்னைக்கு என்ன தேதி தாயி?"

"பதினாலு."

"கெழமை?"

"புதன்."

"நான் அன்னைக்கே சொன்னேன்லா? நீங்கதான் ஒரு வருசம் முந்திக்கிட்டீக."

கண்காணிப்பாளர் மீசைக்குள் சிரித்ததை அன்றுதான் நிச்சயமாகப் பார்த்தேன்.

முப்பத்து நான்கு வருஷம் கழித்து ஓய்வு பெற்றேன். அதற்குள் நேரில் வரச் சொல்லி நான் வரைவு எழுதிய கடிதங்களுக்கு அளவில்லை. ஒவ்வொன்றிலும் தேதிக்குப் பக்கத்தில் கிழமை போட்டேன். நேரம் 'காலை பத்து மணி முதல்' என்று போட்டேன். 'வரை' என்று ஒரு கடிதத்திலும் போட்டதில்லை. இரண்டு மேலதிகாரிகள் இதைக் குறையாக எழுதினார்கள். விட்டுப்போயிற்று, இனிமேல் கவனமாக இருப்பேன் என்று இருவருக்கும் முறைப்படி பதில் கொடுத்தேன்.

அடுத்த கடிதத்திலும் விட்டுத்தான் வைத்தேன்.