அழுவாச்சியின் இடது பக்கம்

1. எனக்கு ஒன்பது வயதில், ஆயுத பூசையன்று, மாமா என்னை அவர் வேலை செய்த டீசல் லோகோ ஷெட்டுக்குக் கூட்டிப்போனார்.
2. அங்கே பழைய சரக்கு ரயில் எஞ்சின் ஒன்றை அவர் புதுப்பித்துக்கொண்டிருந்தார். வேலை பாதியில் நின்றிருந்தது.
3. நான் அதைத் துடைத்தேன்.
4. இரண்டு வாரம் கழித்து, அது நிலக்கரி வண்டியை இழுத்துக்கொண்டு மேட்டூர் போகும் வழியில், ஓமலூர் தாண்டி நின்றுபோனது.
5. காரணம் மாமாவின் கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதினார்கள். மாமா ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அந்த விசாரணை அறிக்கையில் மூன்றாவது வரி இல்லை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அப்பா இறந்த பிறகு நாங்கள் அவர் வீட்டில்தான் இருந்தோம். ஷெட்டில் அவர் மூத்த ஃபிட்டர். அந்த எஞ்சினுக்கு முன்பக்கம் ஒரு நீண்ட எண் எழுதியிருந்தது. ஆனால் ஷெட்டில் எல்லோரும் அதை ‘அழுவாச்சி’ என்றுதான் சொன்னார்கள். எத்தனை முறை சரிசெய்து அனுப்பினாலும் எங்கேயாவது தண்ணீர் கசிந்து திரும்பி வந்துவிடும். அந்த வருடம் மூன்று முறை வந்தது. நான்காவது முறையும் வந்தால் கழித்துவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். இனிமேல் வராது என்று மாமா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, எஞ்சினை அடிவரை பிரித்து மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் உள்ளே போனபோது அவருடைய கூட்டாளி ஒருவர் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அழுவாச்சிக்கு இந்தத் தடவையாச்சும் கண்ணத் தொடச்சு உட்டாச்சுங்களா?”

“தொடைக்கத்தான் ஆளு கூட்டியாந்திருக்கறன்” என்று மாமா என்னைக் காட்டினார்.

அவர் என் கையில் எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணி ஒரு பிடியைக் கொடுத்து, எஞ்சினின் இடது பக்கத்தில் இருக்கும் குறுகிய நடைபாதையில் ஏற்றிவிட்டார். “கைப்பிடிக் கம்பிய மட்டும் தொடச்சாப் போதும், சாமி. உள்ள போவாத.” பிறகு சந்தனம் கரைக்கப் போய்விட்டார்.

கம்பியைத் துடைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எஞ்சினின் பக்கக் கதவுகள் திறந்திருந்தன. உள்ளே அந்தப் பக்கத்து எட்டு சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. அவற்றின் தலையை இறுக்கிப் பிடிக்கும் பெரிய நட்டுகள் என் இடுப்பு உயரத்தில் இருந்தன. சிலவற்றின் மேல் வெள்ளையாக ஏதோ கிறுக்கியிருந்தது. பூசை நாளில் இப்படி அழுக்காக இருக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் துடைத்தேன். எண்ணெய் பட்ட இரும்பு பளபளவென்று ஆனது.

துடைத்து முடித்தபின்தான், விளிம்பில் ஒரு சாக்பீஸ் துண்டு கிடப்பதைப் பார்த்தேன். அப்படியானால் அது அழுக்கு இல்லை, மாமா வேண்டுமென்றே போட்ட கோடு. உள்ளே போகாதே என்று வேறு சொல்லியிருந்தார்.

எந்த நட்டில் கோடு இருந்தது, எதில் இல்லை என்று நினைவில்லை. ஆனால் கோடு எப்படி இருக்கும் என்று நினைவிருந்தது. மாமாவுக்கு இடது கைப்பழக்கம். அவர் கோடுகள் பின்பக்கம் சாய்ந்திருக்கும். நானும் சாய்த்துப் போட்டேன். முதல் சிலிண்டரில் தொடங்கி எட்டாவது வரை, ஒரு நட்டைக்கூட விடவில்லை. பாதி போட்டுப் பாதி விடுவது எனக்கு அப்போதே பிடிக்காது.

“தொடச்சுட்டியா, சாமி?”

“ஆச்சுங் மாமா.”

அவர் மேலே வரவில்லை. என்னைக் கீழே இறக்கிவிட்டு, அழுவாச்சியின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தார்.

அந்த நட்டுகளை இரண்டு சுற்றாக இறுக்குவார்கள். முதல் சுற்று சாதாரண இறுக்கம். இரண்டாவது, ஒரு ஆள் நீளத்துக்கு இருக்கும் ஸ்பானரில் அளவு பார்த்து இறுக்குவது. அது முடிந்த நட்டில் மட்டும்தான் கோடு. பூசைக்கு முந்தின சாயங்காலம், வலது பக்கம் முடிந்து இடது பக்கத்தில் மாமா நாலாவது சிலிண்டரை முடித்தபோது, பூசைக்குக் கருவிகளைக் கொண்டுவரச் சொல்லி ஆள் வந்திருக்கிறது. ஸ்பானர் குங்குமம் வாங்கிக்கொண்டு சாமி முன்னால் படுத்துவிட்டது. வைத்த கருவியைப் பூசை நாள் முழுக்க யாரும் தொடக் கூடாது. அதற்கடுத்த நாள் ஞாயிறு. மிச்சம் நாலு சிலிண்டர் என்பதைத் திங்கட்கிழமை வரை நினைவில் வைத்திருக்க வேண்டியது அந்தக் கோடுகள்தான்.

ஷெட்டில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அதற்கு முதல் சுற்று இறுக்கமே போதும். நிலக்கரிச் சுமையோடு மேட்டில் ஏறிச் சூடான பிறகுதான் தண்ணீர் பீறிட்டிருக்கிறது. நாலு மணி நேரம் அந்தத் தடத்தில் வேறு வண்டி போகவில்லை.

விசாரணை முடிந்து வந்த அன்று மாமா சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அதே அறையில் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“பாதில வெச்சுட்டுப் போனதாட்டத்தான் நெனப்பு இருந்துச்சு, புள்ள” என்று அம்மாவிடம் சொன்னார். “வந்து பாத்தா கோடு இருக்குது. செரி, முடிச்சுப்போட்டம்னு உட்டுட்டேன்.”

“வேற ஆராச்சும் போட்டிருப்பாங்களோ, அண்ணா?”

“இல்ல. என்ற கோடுதான். அந்தச் சாய்ப்பு வேற ஒருத்தனுக்கு வராது.”

நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமாவுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அச்சாகப் போட்டிருக்கிறேன். அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கோட்டை அழித்ததற்குத் திட்டு விழவில்லை என்பது மட்டும் புரிந்தது.

அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று மற்ற ஃபிட்டர்களுக்குப் பனியன் வேஸ்ட்டும் சாக்பீஸும் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தவர் எழுந்து போய்த் திருகிப் பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். “இழுத்து இழுத்துப் பாத்தீங்கன்னா பூட்டே கையோட வந்துருமுங்க” என்று அத்தை முதலில் கேலி செய்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

எனக்கு உண்மை தெரிந்தது பொறியியல் மூன்றாம் ஆண்டில், பட்டறை வகுப்பில். ஆசிரியர் ஒரு நட்டை இறுக்கிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்றேன்.

இப்போது தொழிற்சாலைகளுக்குப் பழைய டீசல் எஞ்சின்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். திரும்பி வரும் எஞ்சின் ஏன் நின்றது என்று எழுதுவது என் பொறுப்பு. ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று நான் இதுவரை எழுதியதில்லை. போன மாதம் மாமா கேட்டார்.

“உங்க பட்டறைல நட்டு இறுக்குனா என்ன அடையாளம் போடறாங்க?”

“பெயிண்டுங் மாமா. ரெண்டு கலரு. இறுக்குனவங்க ஒண்ணு, சரிபாத்தவங்க ஒண்ணு. சாக்பீஸ் கூடாதுன்னு வெச்சுட்டோம்.”

அவர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். “சாக்பீஸ் மேல என்ன தப்பு, சாமி. போட்ட கைதான் பொய் சொல்லிப்போடுச்சு.”

சொல்ல வாயெடுத்தேன். அத்தை காப்பி கொண்டுவந்தாள்.

அழுவாச்சியைப் பழைய இரும்பாக வெட்டி விற்றுவிட்டார்கள். மாமாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. இன்னமும் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.