லாந்தர் கம்பெனிக்கு வந்த இருபத்தொன்பது கடிதங்கள்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் பேனாவைத் தொட்டதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்பும், அதற்குப் பிறகு பதினான்கு மாதக் கமர்ஷியல் கிளாஸும்தான் என் படிப்பு. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. பிள்ளைகளிடம் நாள் முழுக்கப் பேசுவேன். பெரியவர்கள் நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு வாய் எழும்பாது. அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஹட்டன் கடைவீதியில், ஒரு துணிக்கடையின் மாடியில் அந்த கிளாஸ் நடந்தது. டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட், வியாபாரக் கடிதம் எழுதுவது. நாலு மிஷின், பன்னிரண்டு பேர். பெண்கள் இரண்டே பேர். என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர்; துரையின் ஆபீஸில் ஒரு பெண் உட்கார்ந்து டைப் அடிப்பதை எங்கோ பார்த்துவிட்டு வந்து என்னைச் சேர்த்துவிட்டார்.

மாஸ்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தபாலில் போகாத கடிதம் கடிதமே இல்லை என்பார். எங்கள் ஒவ்வொருவருக்கும் கற்பனையாக ஒரு கம்பெனி கொடுத்துவிட்டார். துணிக்கடைக்காரரின் மகனும் எங்களோடு படித்தார். அவருக்குக் கருவாட்டுக் கம்பெனி. மற்றப் பெண்ணுக்குச் சோப்புக் கம்பெனி. எனக்கு லாந்தர் கம்பெனி. எனக்கு ஜோடியாக வந்தது குடைக் கம்பெனி; கொத்மலைப் பக்கத்திலிருந்து வந்த மெலிந்த ஆள் ஒருவர். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ஜோடிக் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் அடித்து, கீழே சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு, சொந்தக் காசில் முத்திரை ஒட்டி, ஹட்டன் தபாலாபீஸில் போட வேண்டும். அவர்கள் வீட்டு விலாசத்துக்கே அது போய்ச் சேர வேண்டும்.

அதனால் எங்கள் வரிசை வீட்டு லயத்துக்கு எனக்குக் கடிதம் வர ஆரம்பித்தது. தபால் பையைத் தூக்கி வருகிறவர் வாசலில் நின்று, “லாந்தர் கம்பெனி முதலாளி இருக்காங்களா?” என்று கத்துவார். லயமே சிரிக்கும். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

கடிதத்தில் என்ன இருக்கும்? தாங்கள் அனுப்பிய இரண்டு டஜன் லாந்தர்களில் மூன்றுக்குக் கண்ணாடி உடைந்திருந்தது, மாற்றித் தர வேண்டுகிறோம். அவ்வளவுதான். நான் அவருக்கு எழுதுவேன்: குடைகளில் கம்பி துருப்பிடித்திருந்தது, வருந்துகிறோம். பதினான்கு மாதமும் நாங்கள் ஒருவருக்கொருவர் உடைந்த சாமான்களையே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி. ஒரு சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை. அந்த வாரம் வந்த கடிதத்தின் அடியில், எல்லாம் எழுதி முடித்த பிறகு, ஒரு வரி கூடுதலாக அடித்திருந்தது. ‘சனிக்கிழமை தங்கள் நிறுவனம் மூடியிருந்தது. காரணம் அறிய விரும்புகிறோம்.’

கிளாஸ் முடிந்தது. ஆளுக்கொரு பக்கம் போனோம். எந்தத் துரையும் என்னை டைப் அடிக்கக் கூப்பிடவில்லை. கல்யாணம் ஆனது. பிள்ளைக்காம்பரா வேலை கிடைத்தது. ஒரு மாதத்திலேயே தெரிந்துவிட்டது, இது எனக்கு வரும் வேலை என்று. எந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன்.

பத்து வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பழைய முறையிலேயே அடித்திருந்தது. கருவாட்டுக் கம்பெனி தன் புதிய கடையைத் திறப்பதால், வரும் ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு லாந்தர் கம்பெனி வருகை தர வேண்டும். என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறவர். கடிதத்தைப் படித்துச் சொன்னதும், “கம்பெனி கூப்பிட்டா போக வேணாமா? போயிட்டு வா” என்றார்.

பன்னிரண்டு பேரில் நாலு பேர்தான் வந்திருந்தோம். சாப்பாடு பழைய கடையின் அதே மாடியில். மிஷின்கள் இருந்த இடத்தில் துணிக்கட்டுகள் அடுக்கியிருந்தன. நாங்கள் கட்டுகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். புரியாணியும், எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கருவாட்டுப் பொரியலும் வைத்தார் நானா. கருவாட்டுக் கம்பெனியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

சோப்புக் கம்பெனிதான் முதலில் ஆரம்பித்தாள். கணவர் கந்தப்பளைப் பக்கம் பெரிய கிளார்க். பெண்கள் இரண்டு பேரும் நுவரெலியாவில் படிக்கிறார்கள். வீட்டுக்கு முன்னால் ரோஜாத் தோட்டம்.

“நீ மிஷினத் தொட்டியா அதுக்கப்பறம்?” என்று நானா கேட்டார்.

“எங்க வீட்டு ஐயாதான் ஆபீஸ்ல தொடுறாங்களே, போதாதா?”

“அப்ப படிச்சது வீண்.”

“ஏன் வீணு? அவங்க அடிச்சதுல தப்பு கண்டுபிடிக்கிறேன்ல. அத யாரு செய்வா?”

நானாவுக்கு ஐந்து பிள்ளைகள். இரண்டு கடை. துணிக்கடைக்காரரான வாப்பா போன வருஷம் மௌத்தாகிவிட்டார். இப்போது சிங்களத்தில் கடிதம் அடிக்கப் பழகுவதாகச் சொன்னார். “எழுத்தெல்லாம் வட்டம் வட்டமா இருக்கு. என் விரலுக்கு மயக்கம் வருது” என்றார்.

என் முறை வந்தது. நாற்பது பிள்ளைகள் என்றேன். சோப்புக் கம்பெனி வாயைப் பிளந்தாள். பிறகு விளக்கிச் சொன்னேன். “நாப்பதும் உன் பேச்சக் கேக்குமா? நீ பேசவே மாட்டியே” என்றாள். “அதுங்க கேக்கும்” என்றேன். சொல்லும்போது எனக்கு வெட்கமில்லை.

கடைசியில் குடைக் கம்பெனி. அவர்தான் எங்களில் மெய்யாகவே டைப் அடிக்கிற உத்தியோகத்துக்குப் போனவர். கொத்மலைப் பக்கம் தோட்டத்து ஆபீஸில் சின்ன கிளார்க். மூன்று பிள்ளைகள். அதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, “நாளைக்கு ஹட்டன்ல எனக்கு விசாரணை” என்றார்.

என்ன விசாரணை என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அந்த வருஷங்களில் மலையகத்தில் அது ஒன்றுதான். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்கள், இந்த நாட்டை விட்டு நீண்ட காலம் போகாமல் இங்கேயே இருந்ததை அதிகாரிக்கு முன்னால் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்தியாவில் இருந்துவிட்டால் தொடர்பு அறுந்தது என்பார்கள். எங்கள் மனு அதற்கு முந்தின வருஷம்தான் தேறியிருந்தது. அந்த அறையில் எப்படி நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு வந்த சிக்கல் எங்கள் கிளாஸால் வந்தது. கிளாஸில் சேர்ந்தபோது தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் தங்கியிருந்தார். அதே சமயம் அவருடைய அப்பா மகளின் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு ஊருக்குப் போய் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு வந்தார். இவர் மட்டும் போகவில்லை. ஆனால் தோட்டத்து ஏட்டில், ‘குடும்பம் இந்தியா போனது’ என்று யாரோ ஒரே வரியில் எழுதி வைத்திருந்தார்கள். வேலைக்கு வந்தவர்களின் பெயர் எழுதும் செக்ரோலிலும் அந்தப் பதினான்கு மாதம் இவர் பெயர் இல்லை.

“நாங்க மூணு பேரும் வந்து சொல்றோம், இவரு எங்க கூட இங்கதான் இருந்தாருன்னு” என்றாள் சோப்புக் கம்பெனி.

“அதிகாரி போன தடவையே சொல்லிட்டாரு. கூட்டாளிங்க சொல்றது சாட்சி இல்ல, கடதாசி கொண்டா அப்படின்னு. மாஸ்டரு போய்ச் சேந்துட்டாரு. சாப்பாட்டுக் கடையும் இல்ல.”

“கிளாஸ் வரவுப் புத்தகம்?” என்று கேட்டுவிட்டு, அவளே நானாவைப் பார்த்தாள்.

நானா தலையைக் குனிந்தார். “வாப்பா பழைய கடதாசியெல்லாம் கடலைக்காரனுக்குக் குடுத்துட்டாரு. எனக்குத் தெரிஞ்சிருந்தா...” என்று நிறுத்தினார்.

மனு தள்ளுபடியானால் ஆபீஸ் வேலையில் வைத்திருக்க முடியாது என்று துரை சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு, பிள்ளைகள் கண்ணால் பார்த்திராத ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். “மூத்தவன் கேக்குறான், அங்க மல இருக்குமாப்பான்னு” என்றார்.

எனக்கு அப்போதே நினைவு வந்துவிட்டது. வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் அவர் கடிதங்கள் இருபத்தொன்பதும் உறையோடு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஹட்டன் தபால் முத்திரை, தேதி. உள்ளே அவர் கையெழுத்து. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. கல்யாணமான பெண், வேற்று ஆண் எழுதிய கடிதங்களைப் பத்து வருஷமாக வைத்திருக்கிறாள் என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதில் உடைந்த லாந்தர் கண்ணாடியைத் தவிர ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல முடியுமா? ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அதற்கு முன்னும், நானாவின் இந்த அழைப்பு வரும்வரை பின்னும், என் பெயருக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை. அது ஒரு காரணம். மனதில் வேறு ஒன்றுமே இல்லை என்று எழுதினால் அது பாதிப் பொய்யாகும்.

கை கழுவினோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். படிக்கட்டில் இரண்டு படி இறங்கியவள், திரும்பி ஏறி வந்தேன்.

“எங்கிட்ட இருக்கு” என்றேன்.

“என்னா இருக்கு தங்கச்சி?” என்றார் நானா.

“குடைக் கம்பெனி கடுதாசிங்க. உறையோட.”

“எத்தன?” என்றாள் சோப்புக் கம்பெனி.

“எல்லாம்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அடியே லாந்தரு, என் கல்யாணத்துக்கு முத நாளே எங்கம்மா என் கடுதாசியெல்லாம் அடுப்புல போட்டுட்டாங்க. நீ கெட்டிக்காரி” என்றாள். பிறகு நானாவிடம் திரும்பி, “கருவாட்டுக் கம்பெனி நீங்க. பத்து வருஷம் கெடாம வச்சிருந்தது இவ” என்றாள். நானா விழுந்து விழுந்து சிரித்தார்.

குடைக் கம்பெனி சிரிக்கவில்லை. “உங்க வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுங்க. அவங்களுக்கு வருத்தம்னா வேணாம். நெசமாத்தான் சொல்றேன்” என்றார்.

“காலையில எட்டு மணிக்குக் கச்சேரி ஆபீஸ் வாசல்ல நில்லுங்க. நான் வந்தா பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. கணவர் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

“என்னா எழுதியிருக்கு? படி” என்றார்.

ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். மூன்று லாந்தருக்குக் கண்ணாடி உடைந்தது. திரி குட்டையாக இருந்தது. ஒரு பெட்டியே வந்து சேரவில்லை. பத்துப் பன்னிரண்டு படித்த பிறகு அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“கண்ணாடிய மாத்திக் குடுத்தியா இல்லியா?”

“குடுத்தேன். அடுத்த தடவ அதுவும் ஒடஞ்சு போச்சு.”

“நல்ல கம்பெனி” என்றார்.

அந்த ஒரு கடிதம் கைக்கு வந்தது. அதை அடியில் தள்ளிவிடலாம் என்று தோன்றியது உண்மை. அவருக்கு எழுத்துத் தெரியாது. கூடுதல் வரியைப் படிக்காமலும் விட்டிருக்கலாம். படித்தேன். சனிக்கிழமை தங்கள் நிறுவனம் மூடியிருந்தது. காரணம் அறிய விரும்புகிறோம்.

அவர் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அன்னைக்குப் போகல?”

“அம்மாவுக்குக் காய்ச்சல்.”

“பதிலு எழுதினியா?”

“எழுதினேன். தவிர்க்க முடியாத காரணத்தால் மூடியிருந்தது, இனி வழக்கம்போல் இயங்கும்னு.”

“அப்பறம்?”

“அப்பறம் மறுபடியும் கண்ணாடி ஒடஞ்சுது.”

அவர் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. “அதையும் எடுத்துட்டுப் போ. ஒண்ணு கொறஞ்சா, ஏன் கொறஞ்சுதுன்னு கேப்பாங்க.”

“நீங்களும் வாங்களேன்.”

“நா வரல. நா வந்தா காவலுக்கு வந்த மாதிரி இருக்கும். நீ தனியாப் போனாத்தான் அந்த மனுசனுக்கும் மரியாத, எனக்கும் மரியாத.”

இரவு நான் சமைத்துக்கொண்டிருந்தபோது, அவர் என்னைக் கேட்காமலே உறைகளைப் பழைய தாவணித் துண்டில் சுற்றி, நனையாமலிருக்க மேலே ஒரு சாக்கும் சுற்றி வைத்திருந்தார். அதற்கு முன்பே மாதமும் தேதியும் பார்த்து நான் வரிசைப்படுத்தியிருந்தேன். ஒரு மாதமும் விடுபடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, ஏழு மணி பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். அதிகாரி முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், கையெழுத்தை மனுவோடு வைத்துப் பார்த்தார், என்னிடம் இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். மனுவை ஏற்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடிதங்களைத் திருப்பித் தரவில்லை. கோப்பில் வைத்துக் கட்டிவிட்டார்கள். பகல் ஒரு மணிக்குப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து வேலையைப் பார்த்தேன்.