தம்பி மனைவி எடுத்த வீடியோ

என் தம்பியும் அவன் மனைவியும் சரவணம்பட்டியில் மோட்டார் பம்ப் ரிப்பேர் பட்டறை நடத்துகிறார்கள். கழற்றி மாட்டுவது அவன் வேலை. வருகிறவர்களிடம் கோளாறு என்னவென்று கேட்டு எழுதிக்கொள்வது அவள் வேலை. போன வருஷம் மழைக்காலத்தில் அவனுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்து ஐந்து நாள் இருமித் தீர்த்தான். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. பேச்சில் ஏதோ மந்தம் தெரிகிறது என்று அவள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். "காய்ச்சல்ல கெடந்தவன் அப்படித்தான் இருப்பான் அம்மணி" என்று நான் அடக்கிவிட்டேன். எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு.

மறுநாள் காலை நான் அங்கே இருந்தபோதே அவனுக்கு வலிப்பு வந்தது. பைக் சாவிக்கொத்தை அவன் கையில் திணிக்கப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கடியில் தலையணை வைத்தாள். அடுத்து அவள் செய்ததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தாள். "புருஷன் உசுருக்குப் போராடறான், உனக்குப் படம் கேக்குதா?" என்று கத்தினேன். இன்னும் சொன்னதையெல்லாம் எழுதக் கூசுகிறது. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நான் முந்திக்கொண்டேன். உடம்பு மொத்தமும் ஒரேயடியாக உதறியது, அரை மணி நேரம் இருக்கும் என்றேன். அவள் மறுத்துப் பேசாமல், முந்தின நாள் பேச்சு மந்தமாக இருந்ததை மட்டும் சொல்லிப் போனை நீட்டினாள். டாக்டர் மூன்று தடவை பார்த்தார். முதலில் வலது வாயோரமும் வலது கையும் மட்டும் துடிக்கின்றன. பிறகுதான் உடம்பு முழுக்கப் பரவுகிறது. மொத்தமே மூன்று நிமிஷம்.

"ஒரு பக்கமா ஆரம்பிச்சிருக்குங்க. பேச்சும் மந்தமா இருந்துச்சுங்கறாங்க. வைரஸ் காய்ச்சல்ல சிலருக்கு மூளையில வீக்கம் வரும். உடனே பாத்துரலாம்" என்றார். அவர் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. அன்றைக்கே மருந்து ஏறியது.

எப்படித் தோன்றியது என்று வெளியே பெஞ்சில் அவளைக் கேட்டேன்.

"மெக்கானிக் முன்னாடி மோட்டாரு நல்லா ஓடுமுங்க மாமா. ஊட்டுக்குப் போனாத்தான் மக்கர் பண்ணும். அதனால ரிப்பேரு ஆகறப்பவே வீடியோ எடுத்துட்டு வரச் சொல்லுவேனுங்க. டாக்டரு வர்றப்ப இவரு சும்மா படுத்திருந்தா என்னங்க பண்றது?"

கோபம் துளியும் இல்லை அந்தப் பேச்சில். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளைவிட நிதானமான ஆளை நான் பார்த்ததே கிடையாது.

இரண்டு வாரம் கழித்து வீடு திரும்பிய தம்பி, அந்த வீடியோவைப் பார்க்கவேண்டும் என்றான். வேண்டாமென்று நான் கெஞ்சியும் அவள் கொடுத்துவிட்டாள். சத்தத்தைக் கூட்டி வைத்தான். நான் கத்துவது வந்தது, சிரித்தான். நான் மூச்சு வாங்கிய இடைவெளிகளில் இன்னொரு குரல் மெதுவாகக் கேட்டது.

"இங்கயேதானுங்க இருக்கறேன். ஒண்ணும் ஆகாதுங்க. இங்கயேதான் இருக்கறேன்."

மூன்று நிமிஷமும் அது நிற்கவே இல்லை. இரண்டடி தள்ளி நின்றும் எனக்கு அன்றைக்கு அது காதில் விழவில்லை. தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு, வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டான்.